வாசகர் கேள்வி-பதில்: காட்டுக்குத் தீ வைக்கலாமா?

போன மாதம் சமையலறைத் தீயைப் பற்றி எழுதும்போது, பெர்த்தில் தொண்டூழியர்களோடு சேர்ந்து காட்டுக்குத் தீ வைக்கப் போனதை ஒரே வரியில் சொல்லிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டேன். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டுதான் இந்த மாதக் கடிதங்களில் பாதிக்கு மேல் வந்திருக்கின்றன. புதிதாகப் படிப்பவர்களுக்காகச் சொல்கிறேன்: நான் சிங்கப்பூர்க் குடிமைத் தற்காப்புப் படையில் தீயணைப்பாளனாக இருந்து ஓய்வு பெற்றவன். அப்புறம் சில ஆண்டுகள் மகள் குடும்பத்தோடு பெர்த்துக்குக் கிழக்கே, டார்லிங் மலைப்பக்கம் இருந்தேன். அங்கே உள்ளூர்த் தீயணைப்புக் குழுவில் சேர்ந்தேன். இந்த மாதம் முழுக்க அதைப் பற்றியே பேசிவிடுவோம்.

என் மகள் பெர்த்தில் படிக்கிறாள். "ஊரே புகையா இருக்கும்மா, கவர்மென்டே காட்டுக்குத் தீ வச்சிருக்காம்" என்று போனில் சொன்னாள். கோடையில் அங்கே வீடுகள் எரிவதை டிவியில் பார்க்கிறோம். அப்படி இருக்கும்போது அவர்களே ஏன் தீ வைக்க வேண்டும்?
*— பிடோக் வாசகி*

மகள் சொன்னது உண்மைதான் அம்மா. மேற்கு ஆஸ்திரேலியாவின் தென்மேற்குக் காடுகளில் ஆண்டுக்குச் சுமார் 2,00,000 ஹெக்டேரைத் திட்டமிட்டு எரிக்க வேண்டும் என்பது அந்த மாநில அரசின் இலக்கு. சிங்கப்பூர் முழுவதுமே 75,000 ஹெக்டேருக்குள்தான் என்று நினைத்துப் பாருங்கள். வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும், அதாவது செப்டம்பருக்குப் பின்னும் ஏப்ரல், மே மாதங்களிலும் எரிப்பார்கள். காற்று நகரத்துப் பக்கம் திரும்பினால் பெர்த்தில் புகை தெரியும்.

ஏன் என்று கேட்டால் சருகிலிருந்து தொடங்க வேண்டும். புக்கிட் தீமா காட்டில் விழுகிற இலை சீக்கிரம் மக்கி மண்ணாகிவிடும். நமக்கு வெயிலும் மழையும் ஆண்டு முழுக்கச் சேர்ந்தே வருகின்றன. பெர்த்தில் மழை குளிர்காலத்தில், வெயில் கோடையில். ஈரம் இருக்கும்போது சூடு இல்லை, சூடு இருக்கும்போது ஈரம் இல்லை. அதனால் அங்கே ஜாரா என்ற யூகலிப்டஸ் வகை மரங்களின் இலையும் பட்டையும் சுள்ளியும் மக்காமல் ஆண்டுக்காண்டு சேர்ந்துகொண்டே போகும். காட்டுத்தீ எவ்வளவு மூர்க்கமாகும் என்பதை முடிவு செய்பவை எரிபொருள், வானிலை, நிலத்தின் சரிவு. வானிலையை நாம் மாற்ற முடியாது, மலையையும் நகர்த்த முடியாது. மனிதன் கைவைக்கக்கூடியது அந்தச் சருகில் மட்டும்தான். கோடையில் 40 டிகிரி வெயிலில் எப்படியும் பிடித்து எரியப்போவதை, ஈரம் இன்னும் மிச்சமிருக்கும் ஓர் அமைதியான நாளில் முன்கூட்டியே கொஞ்சம் கொஞ்சமாக எரித்துவிடுகிறார்கள்.

இது வெள்ளையர் கண்டுபிடித்ததில்லை. அந்த மண்ணின் நூங்கார் மக்கள் பல்லாயிரம் ஆண்டுகளாகச் செய்துவந்தது. அவர்களுக்கு ஆண்டுக்கு ஆறு பருவங்கள். டிசம்பர், ஜனவரியில் வரும் பிராக் பருவத்தில் எரிப்பார்கள். காலையில் கிழக்குக் காற்று, பிற்பகலில் கடற்காற்று என்று காற்று சொல்லிவைத்தாற்போல் திரும்பும் காலம் அது. காலையில் ஒரு பக்கமாகப் போன நெருப்பைப் பிற்பகல் காற்று எரிந்த நிலத்தின் மேலேயே திருப்பிவிடும். குடியேறியவர்கள் இந்த வழக்கத்தைத் தடுத்தார்கள், காடு கனத்தது. 1961 ஜனவரியில் டுவெல்லிங்கப் என்ற மரத்தொழில் ஊர் எரிந்தது. அதன் பிறகு நடந்த அரசு விசாரணை, திட்டமிட்ட எரிப்பை அதிகப்படுத்தச் சொன்னது. இன்றைய நடைமுறை அங்கிருந்து வளர்ந்தது.

உங்கள் மகளுக்கு மூச்சிரைப்பு இருந்தால் புகை நாட்களில் ஜன்னலைச் சாத்தி உள்ளேயே இருக்கச் சொல்லுங்கள். இந்தப் புகையை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. 2016 மே மாதம் சிட்னியைச் சுற்றி இப்படி எரித்தபோது நகரத்தைச் சில நாட்கள் புகை மூடியது. அதனால் 14 பேர் முன்கூட்டியே இறந்திருக்கலாம் என்று ஆய்வாளர்கள் மதிப்பிட்டார்கள். எரிப்பதை ஆதரிக்கிற நான் இதையும் சேர்த்துச் சொன்னால்தான் நியாயம்.

சார், நான் குடிமைத் தற்காப்புப் படையில் தேசிய சேவை செய்கிறேன். எங்களுக்கு அணைக்கத்தான் சொல்லித் தருகிறார்கள். பற்றவைக்கிற வேலை எப்படி நடக்கும்? காற்று திரும்பினால் என்ன செய்வீர்கள்?
*— தெம்பனீஸ் வாசகர்*

தம்பி, பற்றவைக்கிறது அந்த வேலையில் கடைசிப் பகுதி. அதற்கு முன்னால் மாதக்கணக்கில் வேலை இருக்கிறது. எந்தப் பகுதி, அங்கே என்ன பறவை கூடு கட்டியிருக்கிறது, பக்கத்தில் யாருடைய திராட்சைத் தோட்டம் என்று எல்லாவற்றையும் எழுதி ஒப்புதல் வாங்க வேண்டும். திராட்சை பழுக்கும் நேரத்தில் புகை பட்டால் ஒயினில் புகைவாடை ஏறிவிடும் என்பதால் விவசாயிகள் விடமாட்டார்கள், அதுவும் சரிதான். அந்தத் திட்டத் தாளில் வெப்பநிலை, காற்றின் ஈரப்பதம், காற்றின் வேகமும் திசையும், சருகின் ஈரம் ஒவ்வொன்றுக்கும் கீழெல்லை, மேலெல்லை போட்டிருக்கும். அன்று காலை ஒன்று வெளியே போனாலும் வேலை கிடையாது. வண்டியில் தண்ணீர் நிரப்பி, சாண்ட்விச் கட்டிக்கொண்டு போய், மரத்தடியில் காத்திருந்துவிட்டுத் திரும்பி வருவது அங்கே சர்வசாதாரணம். யாரும் முணுமுணுக்க மாட்டார்கள்.

சருகின் ஈரத்தைப் பார்க்கக் கருவி உண்டு. ஆனால் எங்கள் குழுத் தலைவர், வயதான ஆப்பிள் விவசாயி, முதலில் கையில் ஓர் உலர்ந்த யூகலிப்டஸ் இலையை எடுப்பார். அதைப் பற்றவைத்து மேலே, நேராக, கீழே என்று சாய்த்துப் பார்ப்பார். தீ மேல்நோக்கிப் போவது இயல்பு. நுனியை மேலே தூக்கிப் பிடித்து மேல்முனையில் பற்றவைத்த பிறகும் தீ கீழ்நோக்கி இறங்கி வந்தால், இலை மிகவும் காய்ந்திருக்கிறது என்று பொருள். அன்று தீ வைக்கக் கூடாது. இலையைத் தலைகீழாகப் பிடித்தும் எரியாவிட்டால் ஈரம் அதிகம், அன்றும் வேலை ஆகாது.

நாள் சரியாக அமைந்தால், முதலில் எல்லை. சாலையோ, புல்டோசர் சுரண்டி வெறும் மண் தெரியும் பாதையோ இருக்க வேண்டும். அப்புறம் ஒரு சின்ன மூலையில் சோதனைத் தீ வைத்து, அது எப்படி நடக்கிறது என்று எல்லோரும் நின்று பார்ப்போம். சரி என்று தலைவர் சொன்னால்தான் டிரிப் டார்ச்சைக் கையில் எடுக்கலாம். நீண்ட மூக்கு வைத்த கேன் அது. பெரும்பாலும் மூன்று பங்கு டீசலும் ஒரு பங்கு பெட்ரோலும் கலந்திருக்கும். சாய்த்தால் எரிந்துகொண்டே சொட்டும்.

காற்று எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கத்து எல்லையில்தான் முதலில் வைப்போம். அங்கே வைத்த தீ காற்றை எதிர்த்துத்தான் உள்ளே நகர வேண்டும், அதனால் மெதுவாகப் போகும், முழங்கால் உயரம்கூட வராது. அது எரித்துக் கறுப்பாக்கிய பட்டை போதுமான அகலமான பிறகுதான் உள்ளே புள்ளி புள்ளியாக வைத்துக்கொண்டு போவோம். சரிவு இருந்தால் மேட்டிலிருந்து தொடங்கி இறங்குவோம். மேல்நோக்கி ஏறும் தீ ஒவ்வொரு 10 டிகிரி சரிவுக்கும் ஏறத்தாழ இரண்டு மடங்கு வேகமெடுக்கும், இதை மனப்பாடம் செய்துகொள். பெரிய பகுதிகளில் வானத்திலிருந்தும் வைக்கிறார்கள். பிங் பாங் பந்து அளவுள்ள உருண்டைக்குள் பொட்டாசியம் பெர்மாங்கனேட் இருக்கும். போடுவதற்கு முன் அதில் கிளைக்கால் என்ற வேதித் திரவத்தை ஊசியால் ஏற்றுவார்கள். தரையில் விழுந்த பிறகு அதுவே பற்றிக்கொள்ளும்.

தீயின் வலிமையை, அதன் முனையில் ஒரு மீட்டர் நீளத்துக்கு எத்தனை கிலோவாட் என்று அளப்பார்கள். திட்டமிட்ட எரிப்பு வழக்கமாக 500-க்குள் இருக்கும். 4,000-ஐத் தாண்டினால் எதிரில் நின்று அணைப்பது முடியாத காரியம். 2009-ல் விக்டோரியாவில் எரிந்தது பல்லாயிரங்களில்.

காற்று திரும்பினால் என்று கேட்டாய். முதல் விதி, எப்போதும் ஒரு கால் கறுப்பில் இருக்கட்டும் என்பதுதான். ஏற்கெனவே எரிந்த நிலம் உன் பக்கத்தில் இருந்தால் அங்கே ஒதுங்கிக்கொள்ளலாம். பற்றவைப்பதை உடனே நிறுத்துவோம், தண்ணீர் வண்டிகள் அந்தப் பக்க எல்லைக்குப் போகும். மாலையில் வீடு திரும்புவதோடு வேலை முடியாது. எல்லையோர மரக்கட்டைகள் உள்ளுக்குள் கனன்றுகொண்டிருக்கும். புறங்கையை அருகில் கொண்டுபோய்ச் சூடு பார்த்து, கொத்திப் பிளந்து, தண்ணீர் ஊற்றி, மறுநாளும் அதற்கடுத்த நாளும் வந்து பார்க்க வேண்டும். பலருக்கு அலுப்பூட்டும் வேலை இதுதான், ஆனால் உயிர் காப்பதும் இதுதான்.

எல்லாம் சரி, கைமீறிப் போனதே இல்லையா?
*— உட்லண்ட்ஸ் வாசகர்*

போயிருக்கிறது. மேற்கு ஆஸ்திரேலியாவிலேயே 2011 நவம்பரில் மார்கரெட் ரிவர் பக்கம் அரசுத் துறை வைத்த தீ எல்லை தாண்டி 30-க்கும் மேற்பட்ட வீடுகளை எரித்தது. அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் 2000 மே மாதம் தேசியப் பூங்காத் துறையினர் வைத்த தீ லாஸ் அலமோஸ் நகருக்குள் புகுந்தது. 400-க்கும் மேற்பட்ட குடும்பங்கள் வீடிழந்தன.

அதே நியூ மெக்சிகோவில் 2022-ல் நடந்ததை நான் புதிதாகச் சேரும் தொண்டூழியர்களுக்கு எப்போதும் சொல்வேன். ஏப்ரல் 6 அன்று வைத்த தீ காற்றில் கைமீறியது. பக்கத்திலேயே, ஜனவரியில் குவித்து எரித்த மரக்கழிவு ஒன்று பனிக்கு அடியில் மாதக்கணக்கில் அணையாமல் கிடந்து, ஏப்ரலில் காற்றடித்ததும் எழுந்தது. இரண்டும் கைகோர்த்துச் சுமார் 1,38,000 ஹெக்டேரை எரித்தன. அந்த மாநில வரலாற்றிலேயே பெரிய காட்டுத்தீ அது. அமெரிக்க வனத்துறை தன் நிலங்களில் எல்லாத் திட்டமிட்ட எரிப்பையும் 90 நாட்கள் நிறுத்திவைத்தது.

அந்தத் துறையின் கணக்குப்படி 99 விழுக்காட்டுக்கு மேல் திட்டப்படியே முடிகின்றன. மிச்சத்தில் வீட்டைப் பறிகொடுத்த ஒருவரிடம் போய் இந்தக் கணக்கைச் சொல்லிவிட முடியாது. அதனால்தான் "இந்த ஆண்டு இலக்கை முடிக்க வேண்டும்" என்ற அவசரம் எனக்குப் பிடிப்பதில்லை. நாள் சரியில்லை என்றால் திரும்பிப் போக அனுமதிக்கிற மேலதிகாரி வேண்டும். அப்படிப்பட்டவர் இல்லாத இடத்தில் டார்ச்சைத் தொடாமல் இருப்பதே நல்லது.

சுமத்ராவில் எரித்தால் குற்றம், ஆஸ்திரேலியாவில் எரித்தால் அறிவியலா? வெள்ளைக்காரன் செய்தால் எதுவும் சரியாகிவிடுமா?
*— சுவா சூ காங் வாசகர்*

உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. ஏழை விவசாயியின் கையிலிருக்கும் தீப்பெட்டியைக் காட்டிப் பெரிய கம்பெனிகள் தப்பித்த வரலாறும் இருக்கிறது. ஆனால் இங்கே வித்தியாசம் வைக்கிற கையைவிட மண்ணில்தான் அதிகம்.

சுமத்ராவிலும் கலிமந்தானிலும் நம்மைத் திணறடிக்கிற புகையில் பெரும்பகுதி சதுப்புக் கரிமண்ணிலிருந்து வருகிறது. ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகத் தண்ணீருக்குள் விழுந்த மரமும் இலையும் மக்க முடியாமல், சில இடங்களில் 10 மீட்டருக்கும் மேலான ஆழத்துக்குத் தேங்கிய மண் அது. இயற்கையாக இருக்கும்போது அதில் 90 விழுக்காடு தண்ணீர், தீ வைத்தாலும் பிடிக்காது. கால்வாய் வெட்டித் தண்ணீரை வடித்தால் அந்த மண்ணே விறகாகிவிடும். 1990-களின் நடுவில் மத்தியக் கலிமந்தானில் நெல் விளைவிக்கப்போகிறோம் என்று சுமார் 10 லட்சம் ஹெக்டேர் சதுப்பில் ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்குக் கால்வாய் வெட்டினார்கள். நெல் விளையவில்லை. 1997-ல் எல் நினோ வறட்சி வந்தபோது அது எரிந்தது.

ஜாரா காட்டில் மேலே கிடக்கும் சருகு எரிந்து, ஒரு பொழுதில் தீ கடந்துபோய்விடும். கரிமண்ணில் தீ கீழே இறங்கும். நம் ஊரில் உமியில் தணல் விழுந்தால் மேலே சாம்பல் மட்டும் தெரியும், உள்ளே நாள்கணக்கில் கனன்றுகொண்டே இருக்கும், பார்த்திருப்பீர்கள். அதையே பல மைல் பரப்பில், ஆள் உயர ஆழத்தில் நினைத்துக்கொள்ளுங்கள். மேலிருந்து ஹெலிகாப்டர் ஊற்றும் தண்ணீர் அடிவரை போய்ச் சேராது. நல்ல மழை பெய்து நிலத்தடி நீர் மேலேறினால்தான் அணையும். காற்றுப்போக்கு இல்லாமல் கனல்வதால் புகையும் மிக மோசம். 2013 ஜூன் 21 நண்பகல் நம் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 401-ஐத் தொட்டதும், 2015 செப்டம்பர் 25 அன்று பள்ளிகளை மூடியதும் உங்களுக்கு நினைவிருக்கும்.

கரிமண்ணில் திட்டமிட்ட எரிப்பு என்ற பேச்சுக்கே இடமில்லை. அங்கே தீத்தடுப்பு என்றால் கால்வாயை அடைத்து மண்ணை மறுபடி நனைப்பது. 2015 பேரழிவுக்குப் பிறகு இந்தோனேசியா 2016-ல் அதற்கென்றே ஒரு அமைப்பை ஏற்படுத்தியது. சிங்கப்பூரும் 2014-ல் எல்லை கடந்த புகைமூட்டச் சட்டத்தைக் கொண்டுவந்தது. புகைக்குக் காரணமான நிறுவனம் எந்த நாட்டில் இருந்தாலும் நாளுக்கு 1,00,000 வெள்ளி வரை, மொத்தம் 20 லட்சம் வெள்ளி வரை அபராதம் விதிக்கலாம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இந்தோனேசியாவின் 2009 சுற்றுச்சூழல் சட்டம் நிலத்தை எரிப்பதைத் தடை செய்தாலும், உள்ளூர்ப் பாரம்பரிய முறையில் ஒரு குடும்பம் 2 ஹெக்டேர் வரை, சுற்றிலும் தடுப்பு வெட்டி எரிக்க விலக்குத் தருகிறது. சாதாரண மேட்டுநிலத்தில் தலைமுறையாகக் காற்றுப் பார்த்து எரித்துப் பயிரிடும், கலிமந்தான் பழங்குடியான தாயக் குடும்பத்தையும், சதுப்பை வடித்துத் தோட்டம் போடுகிறவரையும் ஒரே கூண்டில் நிறுத்தக் கூடாது. நம் குறிஞ்சி நிலத்து மக்களும் எரித்த புனத்தில்தான் தினை விதைத்தார்கள்.

எங்கள் புளோக்குக்குப் பின்னால் காலி நிலத்தில் லாலாங் புல் ஆள் உயரம் நிற்கிறது. பிப்ரவரியில் காய்ந்து போகிறது. நீங்கள் சொல்கிற முறையில் அதை எரித்துவிடலாமே?
*— செங்காங் வாசகி*

வேண்டவே வேண்டாம். முதலில், இங்கே திறந்தவெளியில் எரிப்பது சட்டப்படி குற்றம். சட்டத்தை விடுங்கள், லாலாங் நெருப்புக்குப் பிறந்த புல். மேலே எரிந்தாலும் தரைக்கடியில் ஓடும் அதன் தண்டுக்கு ஒன்றும் ஆகாது. அதோடு போட்டி போடும் மரக்கன்றுகள்தான் சாகும். எரிக்க எரிக்க லாலாங்தான் அதிகமாகும். நிழல்தான் அதற்கு எமன். வெட்டிவிட்டு, மரம் வளரவிட்டால் சில ஆண்டுகளில் அது ஒதுங்கிவிடும். நம் மழைக்காட்டு மரங்களுக்கு ஜாரா மாதிரி தடித்த பட்டையும் கிடையாது, லேசான தீயே அவற்றைக் கொன்றுவிடும்.

2014 பிப்ரவரி, 1869-க்குப் பிறகு சிங்கப்பூர் கண்ட மிக வறண்ட மாதம். அப்போது நான் பணியில் இருந்தேன். புல்தீக்கென்று அழைப்பு வந்துகொண்டே இருந்தது, தீயை அடித்து அணைக்கிற தட்டியோடு புதருக்குள் இறங்கி இறங்கித் தோள் கழன்றுவிடும். இங்கே புல் தானாகப் பற்றுவதில்லை. அணைக்காமல் எறிகிற சிகரெட்டுத் துண்டு போதும். புல் உயரமாக வளர்ந்திருந்தால் நகர மன்றத்திடம் சொல்லுங்கள், புகை வந்தால் 995.

அண்ணே, எனக்குச் சொந்த ஊர் தேனிப் பக்கம். துவாஸில் வேலை செய்கிறேன். குரங்கணியில் தீயில் சிக்கி இறந்தார்கள், மறக்க முடியவில்லை. ஆனால் எங்கள் பக்கத்தில் வனத்துறையே ஆண்டுத் தொடக்கத்தில் ரோட்டோரம் எரிப்பதைப் பார்த்திருக்கிறேன். ஆடு மாடு மேய்க்கிறவன் வைத்தால் கேஸ் போடுகிறார்கள். என்ன நியாயம்?
*— துவாஸ் விடுதியிலிருந்து*

தம்பி, 2018 மார்ச் 11. மலையேறப் போன பிள்ளைகள் 20 பேருக்கு மேல் போய்விட்டார்கள். காய்ந்த புல், செங்குத்துச் சரிவு, பிற்பகல் காற்று மூன்றும் ஒன்றாகச் சேர்ந்த இடம் அது. மேலே தெம்பனீஸ் தம்பிக்குச் சொன்ன சரிவுக் கணக்கு இங்கேயும் அப்படியே பொருந்தும். மேலே ஏறி ஓடுகிறவரைவிடத் தீ வேகமாக ஏறும்.

ரோட்டோரம் எரிப்பது தீத்தடுப்புக் கோடு. முதுமலையில் ஜனவரி, பிப்ரவரியில் சாலை ஓரப் புல்லை அளவாக எரித்து வெற்றிடம் ஏற்படுத்துகிறார்கள். மார்ச்சில் ஒரு பக்கம் தீப்பிடித்தால் மறுபக்கம் தாண்டாது. மேய்ச்சலுக்கு வைக்கிறவர் பெரும்பாலும் புல் நன்றாகக் காய்ந்த பிறகு, எல்லை இல்லாமல் வைக்கிறார். மாதமும் எல்லையும்தான் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்.

ஆனால் காட்டு மக்களுக்குத் தீயின் பக்குவம் தெரியாது என்று யாரும் சொல்லிவிட வேண்டாம். கர்நாடகத்தின் பிலிகிரிரங்கன் மலையில் சோலிகர் பழங்குடிகள் ஆண்டுத் தொடக்கத்திலேயே, புல் முழுதும் காய்வதற்குள், சின்னச் சருகுத்தீ வைப்பார்கள். "தரகு பெங்கி" என்று அதற்குப் பெயர். 1970-களில் அந்த மலை சரணாலயமானது, தீ வைப்பது தடையானது. அப்புறம் காட்டின் அடியில் உண்ணிச்செடி அடர்ந்து பரவியது, நெல்லி மரங்களில் புல்லுருவி ஏறியது என்கிறார்கள் சோலிகர்கள். அந்த மலையில் வேலை செய்த ஆய்வாளர்களும் அவர்கள் சொல்வதில் உண்மை இருப்பதாக எழுதியிருக்கிறார்கள். உண்ணிப் புதர் காய்ந்து எரிந்தால் தீ தரையில் நிற்காது, கிளைக்கு ஏறிவிடும். உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே மூணாறு தாண்டி எரவிகுளம் இருக்கிறது. அங்கே முதுவர் பழங்குடிகளை வைத்துத்தான் புல்வெளியைப் பகுதி பகுதியாக எரிக்கிறார்கள். வரையாட்டுக்கு இளம்புல் கிடைக்கிறது, பெரிய தீயும் வருவதில்லை. தெரிந்தவர்களைக் கூப்பிட்டு, சம்பளம் கொடுத்து, பொறுப்பையும் கொடுத்தால் நடக்கிற காரியம் இது. தமிழ்நாட்டு மலைகளிலும் பரவலாக இதைச் செய்ய வேண்டும் என்பது என் ஆசை. கேஸ் போட்டு மட்டும் மலையைக் காப்பாற்ற முடியாது.

அங்கிள், தீ வைத்தால் மிருகங்கள் பாவம் இல்லையா?
*— உயர்நிலை 1 மாணவி, ஈசூன்*

பாவம்தான், கண்ணு. அதனால்தான் முழுக் காட்டையும் ஒரே ஆண்டில் எரிப்பதில்லை. ஒரு துண்டு எரித்தது, பக்கத்துத் துண்டு ஐந்து ஆண்டு முன்னால் எரித்தது, அடுத்தது எரிக்கவே எரிக்காதது என்று கலந்து வைப்பார்கள். தீ மெதுவாக நகர்ந்தால் கங்காரு நடந்தே விலகிவிடும், பல்லியும் எக்கிட்னா என்ற முள்ளுடம்பு விலங்கும் மண்ணுக்குள் அல்லது மரப்பொந்துக்குள் போய்விடும். ஓடைக்கரை ஈரமாக இருப்பதால் எரியாமல் தப்பும். சில உயிர்களுக்குத் தீயே வேண்டும்: பாங்சியா மரங்கள் சிலவற்றின் விதைப்பை சூடு பட்டால்தான் திறக்கும், பால்கா என்ற புல்மரம் தீக்குப் பிறகு செழிப்பாகப் பூக்கும். ஆனாலும் சில விலங்குகள் சாகத்தான் செய்கின்றன. கூடு கட்டும் மாதங்களில் எரிக்க வேண்டாம் என்று அங்கே பறவை ஆர்வலர்கள் சண்டை போடுகிறார்கள். நான் அவர்கள் பக்கம்.

இவ்வளவு எரித்தும் ஆஸ்திரேலியாவில் பெருந்தீ வருகிறதே. பலன் உண்டா?
*— ஜூரோங் வெஸ்ட் வாசகர்*

எரித்த பகுதியில் சில ஆண்டுகளுக்குத் தீயின் வேகம் குறையும், அணைக்கிறவர்களுக்கு ஒரு பிடி கிடைக்கும். அதுதான் பலன். கொடுமையான வெப்பமும் புயல்காற்றும் சேர்ந்த நாளில், அண்மையில் எரித்த நிலத்தின் மேலேயே தணல் பறந்துபோய் அப்பால் பிடிக்கும். 2009 பிப்ரவரி 7 அன்று விக்டோரியாவில் 173 பேர் இறந்தார்கள். விசாரணை ஆணையம் ஆண்டுக்குக் குறைந்தது 5 விழுக்காடு பொதுநிலத்தை எரிக்கச் சொன்னது. எண்ணிக்கையை நிரப்ப ஆளில்லாத தூரத்துக் காடுகளை எரிப்பதில் அர்த்தமில்லை என்று உணர்ந்து 2015-ல் அந்த இலக்கை விட்டுவிட முடிவு செய்தார்கள். எத்தனை ஹெக்டேர் என்பதைவிட, ஊருக்கும் வீட்டுக்கும் உள்ள ஆபத்து எவ்வளவு குறைந்தது என்று அளக்கத் தொடங்கினார்கள். அது நல்ல மாற்றம். நெடுநாள் எரிக்காமல் விட்டால் சில காடுகளில் கீழ்ப்புதர் தானாகவே குறைந்து தீ வாய்ப்பும் குறைகிறது என்று வாதிடும் ஆய்வாளர்களும் இருக்கிறார்கள். தென்மேற்கு ஆஸ்திரேலியாவில் இந்த விவாதம் இப்போது சூடாக நடக்கிறது. ஊரோரத்தில் எரிக்க வேண்டும், ஆழ்காட்டில் கையை அடக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

அங்கே தீ பிடித்தபோது சிங்கப்பூர் உதவியதா?
*— புவன விஸ்தா வாசகர்*

ஆம். 2020 ஜனவரியில் நம் ஆகாயப்படை இரண்டு சினூக் ஹெலிகாப்டர்களை விக்டோரியாவுக்கு அனுப்பியது. 2015 அக்டோபரில் தண்ணீர் வாளியோடு ஒரு சினூக்கும் குடிமைத் தற்காப்புப் படைக் குழுவும் தெற்குச் சுமத்ராவுக்குப் போயிருந்தார்கள்.

மகன் பெர்த் மலைப்பக்கம் கால் ஏக்கர் நிலத்தோடு வீடு வாங்குகிறான். என்ன கவனிக்கச் சொல்ல வேண்டும்?
*— கிளமெண்டி வாசகர்*

முதலில் உள்ளூர் ஷையர் (உள்ளாட்சி) அலுவலகம் ஆண்டுதோறும் வெளியிடும் தீத்தடுப்பு அறிவிப்பைப் படிக்கச் சொல்லுங்கள். எந்தத் தேதிக்குள் புல்லை வெட்டி, எல்லையில் எவ்வளவு அகலத்துக்கு வெறும் தரை விட வேண்டும் என்று அதில் இருக்கும். செய்யாவிட்டால் அபராதம். தோட்டக்குப்பையை எரிக்க ஆண்டில் சில மாதங்கள் அனுமதிச் சீட்டு வேண்டும், கோடை உச்சத்தில் எரிக்கவே கூடாது. தேதிகள் ஊருக்கு ஊர் மாறும்.

வீட்டை வாங்குமுன் கூரைத் தண்ணீர்க்குழாயை எட்டிப் பார்க்கட்டும். வீடுகள் பெரும்பாலும் தீச்சுவர் வந்து எரிவதில்லை, பறந்து வரும் தணல் கூரைச் சருகில் விழுந்துதான் எரிகின்றன. சருகை அள்ளுவது, சுவரை ஒட்டி விறகு அடுக்காமல் இருப்பது, காற்றுத் துவாரங்களுக்குக் கம்பிவலை போடுவது, இவற்றுக்குப் பெரிய செலவில்லை. வீட்டிலிருந்து வெளியேற ஒரே சாலைதானா என்றும் பார்க்க வேண்டும். ஒரே சாலை என்றால், தீ ஆபத்து 'பேரழிவு நிலை' என்று அறிவிக்கும் நாட்களில் முந்தின இரவே கிளம்பிவிட வேண்டும். அப்புறம், உள்ளூர்த் தீயணைப்புக் குழுவில் சேரச் சொல்லுங்கள். புதியவர்களுக்குப் பயிற்சியும் சீருடையும் அவர்களே தருவார்கள். அக்கம்பக்கத்தில் யார் வீட்டில் நடக்க முடியாத பெரியவர் இருக்கிறார், யாரிடம் தண்ணீர் வண்டி இருக்கிறது என்பதெல்லாம் அங்கே முதல் மாதத்திலேயே தெரிந்துவிடும்.